தலைசுற்றலும், நான் பார்த்த மனித உடல் ஆவணப்படங்களும்

படுக்கையில் புரண்டு படுத்தால் அறையே சுழல்கிறது, எதனால் என்று தெரியவில்லை, ஸ்கேன் மேல் ஸ்கேன் எடுத்துக்கொண்டு அலைகிறோம் என்று சொல்கிறவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர். நானும் ஒரு மழைக்காலம் முழுக்க அப்படி அலைந்தவள்தான். வீட்டில் துணைக்கு ஆள் கிடையாது. கணவர் ஷார்ஜாவில், மகள் பெங்களூரில். கையிலிருந்து செலவானது சுமார் 16,000 ரூபாய். டியூஷன் நின்றதில் போன பீஸையும் சேர்த்தால் 30,000 தாண்டும். கடைசியில் அரசு மருத்துவமனையில் ஒரு ஓ.பி. சீட்டில், கால் மணி நேரத்துக்குள் சரியானது. உள்காதில் துகள்கள் இடம் மாறுவதால் வருகிற பி.பி.பி.வி. (BPPV) என்ற தலைசுற்றல் ஒன்று இருக்கிறது என்று முதலிலேயே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்ற ஆதங்கம் இன்னும் போகவில்லை. அதனால் எழுதுகிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. தக்கலைக்குப் பக்கத்தில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் டியூஷன் எடுக்கிறேன். மனித உடலைப் பற்றி டிவியில் வரும் ஆவணப்படங்கள் என்றால் எனக்கு உயிர். டிஸ்கவரி தமிழில் பேச ஆரம்பித்த காலத்திலிருந்து விடாமல் பார்க்கிறேன், பிள்ளைகளையும் கூட உட்கார வைத்துக் காட்டுகிறேன். என் உடம்புக்கே ஒன்று வந்தபோது அந்தப் படங்கள் எங்கே கைகொடுத்தன, எங்கே நடுவழியில் விட்டுவிட்டன என்று அனுபவித்துப் பார்த்துவிட்டேன்.

ஜூன் மழை பிடித்திருந்த நேரம். விடியற்காலையில் முழிப்பு வந்து வலது பக்கம் புரண்டு படுத்தேன். ஃபேன் தொங்குகிற இடத்திலிருந்து மேல்கூரை முழுவதும் ஒரு பக்கமாக வழுக்கி ஓடியது. சட்டென்று புறப்பட்ட இடத்துக்கே வெட்டித் திரும்பி மறுபடியும் ஓடியது. கண்ணை மூடினால் கட்டிலே கவிழ்வது போலிருந்தது. கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் அப்படியே நின்றுவிட்டது. எழுந்து உட்கார்ந்ததும் இன்னொரு சுற்று, அதோடு வாந்தி.

முதலில் வந்த பயம் பக்கவாதம். இங்கே ஆவணப்படங்களுக்கு மனதார நன்றி சொல்ல வேண்டும். மூளைக்குப் போகிற இரத்தக்குழாய் அடைபட்டால் முகம் ஒரு பக்கம் கோணும், ஒரு கையைத் தூக்க வராது, பேச்சு குழறும் என்பதைப் படங்களில் அத்தனை தடவை பார்த்திருக்கிறேன். சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணாடி முன்னால் போய்ச் சிரித்துப் பார்த்தேன். இரண்டு கையையும் நீட்டிப் பார்த்தேன். மகள் பெயரையும் வீட்டு விலாசத்தையும் சத்தமாகச் சொன்னேன். எல்லாம் சரியாக இருந்தது. அந்த நேரத்தில் அது கொடுத்த தைரியம் பெரிது. ஆனால் படங்கள் காட்டாத ஒன்றைப் பின்னால் டாக்டர் சொன்னார். சிறுமூளைப் பக்கம் அடைப்பு வந்தால் முகமும் கையும் சரியாக இருக்கும்போதே நிற்கவும் நடக்கவும் முடியாமல் தள்ளாடலாம், பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரியலாம், அசையாமல் படுத்திருந்தாலும் சுற்றல் விடாமல் இருக்கலாம். இவற்றில் எது இருந்தாலும், தாங்க முடியாத புதுத் தலைவலி இருந்தாலும், வேறு யோசனையே வேண்டாம், 108-ஐக் கூப்பிட்டுவிட வேண்டும்.

விடிந்ததும் பக்கத்திலிருந்த கிளினிக்குக்குப் போனேன். "மயக்கமா?" என்று கேட்டார்கள், "ஆமா" என்றேன். நம் ஊரில் தலை சுற்றினாலும் கண் இருட்டினாலும் சோர்ந்து விழப் போனாலும் மயக்கம் என்றுதானே சொல்கிறோம். பிரஷர் பார்த்தார்கள், சர்க்கரை பார்த்தார்கள், ஒரு பாட்டில் டிரிப்ஸ் ஏற்றி அனுப்பினார்கள். மறுநாள் விடியற்காலை மறுபடியும் அதே கதை. அடுத்து போன இடத்தில் கழுத்து எக்ஸ்ரே. எலும்பு தேய்ந்திருக்கிறது, அதனால்தான் தலை சுற்றுகிறது என்று காலர் மாட்டிவிட்டார்கள். ஐம்பது வயதுக்கு மேல் யாருடைய கழுத்தை எக்ஸ்ரே எடுத்தாலும் பெரும்பாலும் ஏதாவது தேய்மானம் தெரியத்தான் செய்யும் என்பது எனக்கு அப்போது தெரியாது. காலர் போட்டும் குறையவில்லை. நாகர்கோவிலில் ஓரிடத்தில் மூளைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்கள். அதற்கு மட்டும் 7,500 ரூபாய். அந்தக் குழாய்க்குள் படுக்க வைக்கும்போதே அறை சுழன்றது. ரிப்போர்ட்டில் எல்லாம் நார்மல். நார்மல் என்று கேட்டால் சந்தோஷம் வர வேண்டும். எனக்கு அழுகைதான் வந்தது. ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள், ஆனால் ராத்திரி படுக்கப் பயமாக இருக்கிறது, இதை யாரிடம் போய்ச் சொல்ல?

கொடுத்த மாத்திரைகள் குமட்டலைக் கொஞ்சம் அடக்கின. மற்றபடி நாள் முழுக்க ஒரே தூக்கக் கலக்கம். போர்டில் எழுத அண்ணாந்தால் சுற்றும். மேல் தட்டிலிருந்து மல்லிப்பொடி டப்பாவை எடுக்கப் பார்த்தால் சுற்றும். கிணற்றடியில் குனிந்து நிமிர்ந்தால் சுற்றும். டியூஷனை நிறுத்த வேண்டியதாயிற்று. பக்கத்து வீட்டு அக்கா, "பித்தம் தலைக்கு ஏறியிருக்கும் பிள்ளே" என்று சுக்குக் கசாயம் வைத்துக் கொண்டுவந்து, நான் குடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவரை மறக்க மாட்டேன். வேறொருவர், வர்ம ஆசான் ஒருவரிடம் கழுத்தைத் திருப்பி எடுக்கச் சொன்னார். எங்கள் மாவட்டத்தில் வர்மம் நன்றாகத் தெரிந்த ஆசான்கள் இருக்கிறார்கள், அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் தலைசுற்றலுக்குக் காரணம் என்னவென்று உறுதியாகாதபோது கழுத்தை வேகமாகத் திருப்ப யாரையும் விடக் கூடாது. கழுத்துக்குள் மூளைக்குப் போகிற இரத்தக்குழாய்கள் ஓடுகின்றன. இந்த விஷயத்தில் யார் வற்புறுத்தினாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அந்த நாட்களில் புத்தகம் படிக்க முடியவில்லை, தலையணையை உயரமாக வைத்துச் சாய்ந்துகொண்டு டிவி பார்க்க மட்டும் முடிந்தது. மனித உடல் ஆவணப்படங்களைத் தேடிப் பார்த்தேன், இந்தத் தடவை பாடத்துக்காக அல்ல, எனக்காக. காதைப் பற்றி ஒரு பகுதி வந்தது. ஒலி அலை உள்ளே போகிறது, செவிப்பறை அதிர்கிறது, உடம்பிலேயே மிகச் சிறிய எலும்பான அங்கவடி எலும்பு அசைகிறது, நத்தை எலும்புக்குள் மயிரிழைச் செல்கள் ஆடுகின்றன. அழகு என்றால் அப்படியொரு அழகு. கடைசியில், காதுதான் நம் சமநிலையையும் பார்த்துக்கொள்கிறது என்று ஒரு வரி. பனிச்சறுக்கு ஆடும் பெண் ஒருத்தி சுழல்கிறாள், உள்காதின் மூன்று அரைவட்டக் கால்வாய்கள் திரையில் மெதுவாகத் திரும்புகின்றன, உள்ளே திரவம் அலம்புகிறது. உடனே அடுத்த உறுப்புக்குப் போய்விட்டார்கள்.

அந்தச் சில நொடிகள் எனக்கு உதவின என்பதை மறைக்க மாட்டேன். மூன்று கால்வாய்களும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக மூன்று தளங்களில் நிற்கின்றன என்பதைப் பாடப்புத்தகப் படத்தை வைத்து எந்தப் பிள்ளைக்கும் என்னால் சரியாகப் புரிய வைக்க முடிந்ததில்லை. திரையில் அது திரும்பிக் காட்டும்போது ஒரு நொடியில் புரிகிறது. முப்பரிமாண வடிவத்தைக் காட்டுவதில் ஆவணப்படத்தை எதுவும் மிஞ்ச முடியாது. அன்றுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது: தலையை எந்தத் திசையில் அசைத்தால் எனக்குச் சுற்றுகிறது? ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினேன். வலது பக்கம் புரண்டால் சுற்றுகிறது, இடது பக்கம் இல்லை. அண்ணாந்தால் சுற்றுகிறது. அசையாமல் உட்கார்ந்திருந்தால் இல்லை. வந்தால் ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடுகிறது. காது நன்றாகக் கேட்கிறது, இரைச்சல் இல்லை.

இந்தத் தாள் அத்தனை பரிசோதனைகளையும்விட எனக்குப் பயன்பட்டது. உங்களுக்கும் தலை சுற்றினால் முதலில் இதைச் செய்யுங்கள். அறை சுழல்கிறதா, கண் இருட்டுகிறதா, கால் தள்ளாடுகிறதா என்று பிரித்து எழுதுங்கள். என்ன செய்யும்போது வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது, காதில் மாற்றம் உண்டா, இவ்வளவு போதும். மயக்கம் என்ற ஒரே சொல்லோடு டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் அவரும் பிரஷரிலிருந்துதான் தொடங்குவார்.

அந்தத் தாளோடு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனேன், இ.என்.டி. ஓ.பி.க்கு. வரிசை நீளம்தான். உள்ளே இருந்தது ஒரு இளம் பெண் டாக்டர். தாளைப் படித்துவிட்டு நிமிர்ந்து, "அம்மா, ரூம் சுத்துறது புரண்டு படுக்கும்போது மட்டும்தானே?" என்றார். கட்டிலில் கால் நீட்டி உட்கார வைத்தார். தலையை வலது பக்கம் பாதியளவு திருப்பி, "கண்ணை மட்டும் மூடிடாதீங்கம்மா, என் நெற்றியையே பாருங்க" என்று சொல்லி, சட்டென்று பின்னால் சாய்த்துத் தலையைக் கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டார். நாலைந்து நொடி ஒன்றுமில்லை. பிறகு அவர் முகமே சுழல ஆரம்பித்தது. அவர் கோட்டைப் பிடித்துக்கொண்டேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தது என் கண்ணை. பக்கத்திலிருந்த மாணவரைக் கூப்பிட்டு, "பாரு, கண்ணு எப்படிச் சுழன்று துடிக்குது" என்று காட்டினார். சுற்றல் நின்றதும் தலையை மெதுவாக இடது பக்கம் திருப்பிக் கொஞ்ச நேரம், பிறகு உடம்போடு இடது பக்கம் சாய்த்து முகம் தரையைப் பார்க்கும்படி கொஞ்ச நேரம், பிறகு எழுப்பி உட்கார வைத்தார். இன்னொரு தடவை செய்தார். "இன்னைக்கு நிம்மதியா தூங்குங்க" என்றார். அன்றிரவு வலது பக்கம் புரண்டேன். கூரை அசையவில்லை.

நடந்தது இதுதான். உள்காதில் யூட்ரிக்கிள் என்ற பைக்குள் ஜெல் போன்ற படலத்தில் கால்சியம் கார்பனேட் துகள்கள் பதிந்திருக்கின்றன. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவு இருக்கும். ஈர்ப்பு விசை எந்தப் பக்கம் என்று மூளைக்குச் சொல்வது அவற்றின் வேலை. வயதாகும்போதோ, தலையில் அடிபட்டோ, சில நேரம் காரணமே தெரியாமலோ அவற்றில் சில கழன்று அரைவட்டக் கால்வாய்க்குள் போய்விடுகின்றன. வீடு கட்டும்போது கொத்தனார் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் டியூப்புக்குள் மணல் விழுந்த மாதிரி. தலையைச் சாய்த்தால் துகள்கள் சரிகின்றன, திரவத்தையும் இழுத்துக்கொண்டு போகின்றன, தலை சுழல்கிறது என்று அந்த ஒரு காது மட்டும் மூளைக்குச் சொல்கிறது. மூளை அதை நம்பிக் கண்ணைத் திருப்புகிறது, அதனால் கூரை ஓடுகிறது. துகள்கள் அடியில் தங்கியதும் சுற்றலும் நின்றுவிடுகிறது. டாக்டர் என் தலையை வரிசையாகத் திருப்பியது, அந்தத் துகள்களை வந்த வழியே உருட்டி வெளியே தள்ளத்தான். மாத்திரையால் அவற்றை நகர்த்த முடியாது, காலராலும் முடியாது. எம்.ஆர்.ஐ.யில் இது தெரியவும் தெரியாது. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கம் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதலே, வேறு அறிகுறி இல்லாதபோது இதற்கு ஸ்கேன் வேண்டாம், தலைசுற்றல் மாத்திரையை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது.

கழுத்தில் கடுமையான பிரச்சினை உள்ளவர்கள் வீடியோவைப் பார்த்துத் தாங்களே இதைச் செய்யக் கூடாது. எந்தக் காது, எந்தக் கால்வாய் என்று தெரியாமல் செய்தாலும் பலன் கிடைக்காது. முதல் தடவை டாக்டரிடம்தான்.

இனி படங்களுக்கு வருகிறேன். எனக்கு வந்த இந்த பி.பி.பி.வி. அபூர்வமான நோய் இல்லை, தலை சுழல்வதற்கு மிகச் சாதாரணமான காரணங்களில் ஒன்று. வயதானவர்களுக்கும், ஆண்களைவிடப் பெண்களுக்கும் அதிகம் வருகிறது. அப்படியிருந்தும் நான் பார்த்த எந்த ஆவணப்படத்திலும் இது இல்லை. இதயத்துக்கும் மூளைக்கும் பிரசவத்துக்கும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கிடைக்கிறது. சமநிலை என்றால் பனிச்சறுக்கு வீராங்கனை, போர் விமானி, விண்வெளி வீரர். கட்டிலில் புரளப் பயப்படுகிற ஐம்பது வயதுப் பெண் எந்தப் படத்திலும் வருவதில்லை.

காட்டுவதற்கு விஷயம் இல்லாமலா? 1914-க்கான மருத்துவ நோபல் பரிசு வியன்னாவின் ராபர்ட் பாரனிக்கு காதின் இந்தச் சமநிலை உறுப்பை ஆராய்ந்ததற்காகத்தான் கிடைத்தது. நோயாளிகளின் காதைத் தண்ணீர் விட்டுக் கழுவும்போது, தண்ணீர் குளிர்ந்திருந்தால் கண் ஒரு பக்கமாகத் துடிப்பதையும், சூடாக இருந்தால் எதிர்ப்பக்கமாகத் துடிப்பதையும் கவனித்து, அதிலிருந்து காதுக்கும் கண்ணுக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்தார். பரிசு அறிவிக்கப்பட்டபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதி. எனக்குச் செய்த சிகிச்சையைக் கண்டுபிடித்த ஜான் எப்ளியைச் சக மருத்துவர்கள் வெகுகாலம் நம்பவே இல்லை. அவருடைய கட்டுரை வெளியானது 1992-ல். இதைவிட நல்ல கதை ஒரு படத்துக்கு வேறென்ன வேண்டும்?

இந்தப் படங்களிடம் எனக்குள்ள பெரிய குறை, உறுப்பை உள்ளேயிருந்து காட்டுகிறார்கள், ஆனால் அது கெட்டுப்போனால் நமக்கு வெளியே எப்படித் தெரியும் என்பதையும், டாக்டர் அதை எப்படிக் கண்டுபிடிப்பார் என்பதையும் காட்டுவதில்லை. என் காதில் உள்ள கோளாறை டாக்டர் என் கண்ணில் பார்த்தார். அந்தத் தொடர்பை விளக்கக் கிராபிக்ஸே வேண்டாம். உங்கள் விரலை முகத்துக்கு நேரே பிடித்து, விரலை வேகமாக இடமும் வலமும் ஆட்டுங்கள், கைரேகை மங்கிவிடும். இப்போது விரலை அசைக்காமல் தலையை அதே வேகத்தில் ஆட்டுங்கள், ரேகை தெளிவாகத் தெரியும். காது ஒவ்வொரு அசைவையும் கண்ணுக்குச் சொல்லித் திருத்துவதால்தான் இது நடக்கிறது. டியூஷனில் செய்யச் சொன்னேன், அத்தனை பிள்ளைகளும் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார்கள்.

இன்னும் சிலவற்றைப் பிள்ளைகளிடம் இப்போது சொல்லிவிட்டுத்தான் படம் போடுகிறேன். எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்துக்கு நிறமே கிடையாது, திரையில் தெரியும் ஊதாவும் பொன்னிறமும் பிறகு பூசியவை. திரையை அடைத்துக்கொண்டு நிற்கும் அந்த அரைவட்டக் கால்வாயின் உள்விட்டம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. மாரடைப்பு என்றால் குழாயில் கொழுப்பு மெல்ல மெல்லப் படிந்து அடைப்பதாகவே காட்டுகிறார்கள். உண்மையில் பல நேரங்களில், அவ்வளவாகச் சுருங்காத இடத்தில் படிந்திருந்த கொழுப்புத் திட்டு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து திடீரென்று அடைக்கிறது. அந்தப் படத்தை மட்டும் நம்பியிருப்பவர், நேற்று வரை நன்றாக நடந்தேனே, எனக்கு எப்படி வரும் என்று நெஞ்சுவலியைத் தள்ளிப்போடுவார்.

நன்றாகச் செய்த படங்களும் உண்டு. 1998-ல் பிபிசிக்காக ராபர்ட் வின்ஸ்டன் வழங்கிய மனித உடல் தொடரின் கடைசிப் பகுதி, புற்றுநோயாளி ஒருவரோடு அவர் சம்மதத்துடன் அவர் வீட்டிலேயே இருந்து, அவர் இறக்கும்வரை பதிவு செய்தது. ஒரு மனிதரோடு தங்கினால் உடம்பு எவ்வளவு புரிகிறது என்பதற்கு எனக்குத் தெரிந்து அதுதான் உதாரணம். ஒரு எச்சரிக்கை, காலை நேரத்தில் டாக்டர் பேசும் நிகழ்ச்சிகளையும் ஆவணப்படங்களையும் ஒன்றாக நினைக்காதீர்கள். கீழே ஒரு போன் நம்பர் ஓடிக்கொண்டே இருந்தால் அது பெரும்பாலும் காசு கொடுத்து வாங்கிய நேரம்.

இது திரும்ப வரலாம் என்று டாக்டர் அன்றே சொல்லியிருந்தார். அடுத்த வருடம் வந்தது, இந்தத் தடவை இடது பக்கம். மகளிர் இலவசப் பேருந்தில் ஆசாரிப்பள்ளம் போய், சரி செய்துகொண்டு, சாயங்காலம் டியூஷன் எடுத்தேன். நீங்கள் போவதாக இருந்தால் காலையில் வயிறு நிறையச் சாப்பிடாதீர்கள், சோதனையின்போது வாந்தி வரலாம். கூட ஒருவரை அழைத்துப் போங்கள். திரும்பும்போது நீங்களே வண்டி ஓட்ட வேண்டாம்.